எஞ்சிய நீர்: ஆர்.வி. குழாய்களும் வடதிசைப் பனியும் – ஓர் ஆய்வு

முன்னுரை

வீட்டை விட்டு நாலு நாள் எங்கேயாவது போய்வர வேண்டும் என்ற ஆசையும், போகிற இடத்தில் வீட்டு வசதி அத்தனையும் வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனிதனுக்கு ஒரே நேரத்தில் வந்தால் அவன் ஆர்.வி. வாங்குகிறான். சமையலறை, படுக்கையறை, குளியலறை, கழிப்பறை நான்கும் சக்கரத்தின் மேல் ஏறிக்கொண்ட ஊர்தி அது. நான்கில் மூன்றுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குக் குழாய் வேண்டும். குழாய்க்குப் பகை குளிர்.

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமைகளில், நல்ல உத்தியோகத்தில் இருக்கும் நடுவயதுக்காரர்கள் தங்கள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பதைக் காணலாம். யாரும் மயங்கி விழுந்துவிடவில்லை. தண்ணீர் வடியும் மூடி எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். இந்தச் சடங்குக்கு அங்கே 'விண்டரைஸிங்' என்று பெயர். சடங்கு என்ற சொல் ஈண்டு கலைச்சொல்லாகவே ஆளப்படுகிறது: குறித்த பருவம், குறித்த திரவியம், குறித்த வரிசை, தவறினால் தண்டனை ஆகிய நான்கு இலக்கணமும் இதற்குப் பொருந்தி வருவதை வரும் இயல்களில் நிறுவுவோம்.

இத்துறையில் தமிழில் போதிய ஆய்வு நிகழவில்லை என்பதை அறிஞர் உலகம் இன்னும் ஒரு குறையாக உணரவில்லை. அந்த உணராமையையும் சேர்த்தே இக்கட்டுரை போக்க முற்படுகிறது.

ஆய்வின் எல்லையும் கருதுகோளும்

வண்டியின் எஞ்சின், அதன் ரேடியேட்டர், அதற்கு ஊற்றும் பச்சை நிறத் திரவம் ஆகியன இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானவை. அசையாத வீடுகளின் குழாய்கள் ஒப்பீட்டுக்காக மட்டும் எடுத்தாளப்படும். படகுகளுக்கு வேறு துறை இருக்கிறது. அவர்கள் துயரத்தை அவர்களே ஆராய்வார்கள்.

கருதுகோள் இது: பனிக்காலத்தில் வெடிப்பது எந்தக் குழாய் என்றால், உரிமையாளர் மறந்த குழாய். குளிர் வண்டி முழுவதற்கும் பாரபட்சமில்லாமல்தான் வருகிறது. சேதம் மட்டும் மறதி இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்கிறது. ஆகவே இது வெப்பவியலில் வைத்து எண்ணப்பட்டாலும், உண்மையில் ஞாபகசக்தி சார்ந்த துறை என்பது இக்கட்டுரையின் துணிபு.

முன்வரலாறு

1910-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஏரோ நிறுவனம் 'டூரிங் லேண்டோ' என்ற வண்டியைக் காட்சிக்கு வைத்தது. ஆர்.வி. குலத்தின் ஆதிபுருஷர்களில் ஒன்றாக இதைக் கொள்வர். பின்னிருக்கை படுக்கையாக விரியும். ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து கைகழுவும் தொட்டி மடங்கி இறங்கும். கழிப்பறையின் இடத்தில் ஒரு பாத்திரம். பின்னால் இருக்கும் முதலாளி முன்னால் இருக்கும் ஓட்டுநரிடம் பேசுவதற்குத் தொலைபேசி வேறு. ஆய்வு நோக்கில் இங்கே முக்கியமானது அந்தப் பாத்திரம். பனிக்காலத்துக்கு அதைத் தயார்ப்படுத்தக் கவிழ்த்து வைத்தால் போதும். கவிழ்க்க வேண்டியது யார் என்பதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

அதற்குப் பிந்தைய வரலாறு வசதிகளின் வரலாறு. நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், குளித்த தண்ணீருக்கு ஒரு டேங்க், கழிப்பறைக்கு ஒரு டேங்க் என்று மூன்று வந்தன. 12 வோல்ட் பம்ப் வந்தது. வாட்டர் ஹீட்டர் வந்தது. ஐஸ் செய்கிற ஃப்ரிட்ஜ் வந்தது. கடற்கரையிலிருந்து வருகிற பிள்ளைகள் மணலோடு உள்ளே ஏறக்கூடாது என்பதற்காக வண்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு ஷவர் வந்தது. வசதி ஒன்று கூடும்போதெல்லாம் தண்ணீர் ஒளிந்துகொள்ள இடம் ஒன்று கூடியது என்பதை ஆய்வாளர்கள் மனத்தில் கொள்க.

புவியியல் நோக்கிலும் ஒரு புதிர் உண்டு. பியர்ஸ்-ஏரோவின் ஊர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ. 1958-இல் தொடங்கிய வின்னபேகோ நிறுவனத்தின் ஊர் ஐயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டி. இன்று அமெரிக்க ஆர்.வி.களில் பெரும்பகுதி இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகிறது, 'உலகத்தின் ஆர்.வி. தலைநகர்' என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது, இத்துறைக்கென ஒரு புகழ் மண்டபமும் அங்கே இருக்கிறது. மூன்றுமே பனி கொட்டுகிற ஊர்கள். பனியில் நிற்க முடியாத வண்டியைப் பனியூர்க்காரர்களே கட்டியது ஏன்? அங்கே இருந்தவர்களுக்குத்தான் ஊரை விட்டுக் கிளம்பும் ஆசை அதிகம் இருந்திருக்கும் என்பதைத் தவிர வேறு விடை இவ்வாய்வாளருக்குத் தோன்றவில்லை.

பனிக்கட்டியின் குணம்

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை அந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. அதற்குக் கீழே போனதும் விரியத் தொடங்குகிறது. உறையும்போது மூலக்கூறுகள் அறுகோண வரிசையில் கைகோத்துக்கொள்ள, நடுவில் காலியிடம் விழுகிறது. கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. 1 லிட்டர் தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது 1.09 லிட்டர் பனிக்கட்டி இருக்க வேண்டும். குழாயோ பழைய அளவிலேயே இருக்கிறது. இந்த 0.09 லிட்டரைப் பற்றியதுதான் மொத்தத் துறையும்.

'தண்ணீர் மற்றப் பொருள்களைப் போல ஒழுங்காகச் சுருங்கியிருந்தால் என்ன?' என்று ஒரு தடை எழுப்பலாம். விடை: சுருங்கியிருந்தால் பனிக்கட்டி மூழ்கும். ஏரிகள் அடியிலிருந்து உறையும். மேலே மூடியாக மிதக்கிற பனியின் கீழே மீன்கள் பிழைத்திருப்பது நடக்காது. மிஷிகன் ஏரியில் மீன் பனிக்காலத்தைத் தாண்டுவதற்கும், கரையில் நிற்கிற ஆர்.வி.யின் பம்ப் பிளப்பதற்கும் காரணம் ஒன்றே. மீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி யுகங்கள் கடந்துவிட்டன, மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

பனியின் வலிமையை ஐயுறுவோர் கியூபெக் சோதனைகளைக் காண்க. 1784–85 குளிர்காலங்களில் பீரங்கிப் படையைச் சேர்ந்த மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ், உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் தண்ணீரை நிரப்பி, வாயை இறுக அடைத்து, வெளியே குளிரில் வைத்தார். சில அடைப்புகள் தெறித்து வெகுதூரம் போய் விழுந்தன. அடைப்பு அசையாத இடத்தில் குண்டே பிளந்தது. போருக்கென்று வார்த்த இரும்புக்கே அந்தக் கதி என்றால், சிங்குக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ எம்மாத்திரம்.

ஆனால் பனி பக்கவாட்டில் முட்டி உடைப்பதாக நினைப்பது மேலோட்டமான வாசிப்பு. 1990-களில் இல்லினாய் பல்கலைக்கழகக் கட்டட ஆய்வாளர்கள் வீட்டுக் குழாய்களை உறையவைத்துப் பார்த்தார்கள். குழாயின் ஓரிடத்தில் பனி அடைப்பு உருவாகி வளரும்போது, அதற்கும் மூடிக் கிடக்கும் டாப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. வெடிப்பு நிகழ்வது அந்த அழுத்தத்தால். பனி ஓரிடத்தில் இருக்க, பிளவு வேறிடத்தில் இருக்கலாம். குற்றம் நடந்த இடத்தில் குற்றவாளி இல்லாத இந்த நிலைமைதான் ஏப்ரல் மாதத்தில் பலரைத் தவறான பலகையைக் கழற்ற வைக்கிறது. டாப்பைத் திறந்து வைத்தால் அழுத்தத்துக்கு வடிகால் கிடைக்கிறது என்பதும் இதனால் பெறப்படும்.

இன்றைய வண்டிகளில் ஓடுவது பெரும்பாலும் பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய். கொஞ்சம் விரிந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு. அதோடு சேர்ந்த இணைப்புகள், டாப்பின் உள்ளறைகள், பம்பின் தலை, டாய்லெட் வால்வு ஆகியவற்றுக்கு அந்தச் சுபாவம் கிடையாது. வளைந்து கொடுப்பவர் தப்பிக்க, மூட்டுகளில் நிற்பவர் உடைவது கூட்டுக்குடும்பங்களிலும் காணப்படும் நிகழ்வு. அது வேறு துறை.

வாட்டர் ஹீட்டர்: ஒரு தனி இயல்

அடுத்த இயலில் வரும் நான்கு மரபுகளில் எதைச் சேர்ந்தவரானாலும் முதலில் தண்ணீரை இறக்கியாக வேண்டும். கழிப்பறை டேங்க்கை முதலில் காலி செய்து, குளியல் டேங்க்கை அடுத்துத் திறப்பது முறை. பின்னது முன்னதன் சுவட்டை ஹோஸிலிருந்து கழுவிக்கொண்டு போகும். நல்ல தண்ணீர் டேங்க்கின் வடிகாலைத் திறந்துவிடுவர். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, ஒன்று சுடுநீருக்கு ஒன்று குளிர்நீருக்கு என்று தாழ்ந்த இடத்தில் தொங்கும் இரண்டு மூடிகளைக் கழற்றுவர். முன்னுரையில் கண்ட மனிதர் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

எஞ்சுவது ஹீட்டர். 6 கேலன் அல்லது 10 கேலன், அதாவது சுமார் 23 அல்லது 38 லிட்டர் கொள்ளும். கேஸையும் மின்சாரத்தையும் அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து, சுடுநீர் டாப் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு அதன்பின் அடிமூடியைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்களுக்கு வரிசையின் அவசியத்தை விளக்கத் தேவையில்லை. எல்லாம் சரியாகச் செய்தாலும் தண்ணீர் செருப்பின் மேல்தான் கொட்டும். அதைத் தடுக்கும் முறை எதையும் இலக்கியங்கள் சுட்டவில்லை.

சபர்பன் வகை ஹீட்டரின் உள்தொட்டி எஃகால் ஆனது. அதன் மூடியோடு ஒரு கம்பி உள்ளே நீண்டிருக்கும். ஆனோட் ராடு என்பர். மெக்னீசியம் அல்லது அலுமினியத்தால் செய்தது. தண்ணீரில் இருக்கும் அரிப்பு எஃகைத் தின்னாமல் முதலில் இதைத் தின்னும். 1 1/16 அங்குல சாக்கெட்டைப் போட்டு மூடியைத் திருகி இழுத்தால், புதிதில் கட்டைவிரல் பருமனில் போன கம்பி ஆங்காங்கே குழி விழுந்து, வெள்ளைச் சுண்ணாம்பு அப்பி, நடுவில் ஒரு நரம்பு மட்டும் மிஞ்சி வெளியே வரும். பாரதப் போரில் மற்றவர்கள் ஜெயிப்பதற்காகப் போர் தொடங்குமுன்பே களப்பலியான அரவானின் நிலை அது. அட்வுட் வகை ஹீட்டரில் தொட்டியே அலுமினியம் என்பதால் அரவான் இல்லை. பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான். சபர்பன்காரர்கள் இதைக் குறையாகவும், அட்வுட்காரர்கள் இதை நாகரிகமாகவும் கருதுகிறார்கள்.

வடித்தாயிற்று என்றால் அடுத்தது பைபாஸ் வால்வு. ஹீட்டருக்குள் போகும் வழியையும் வரும் வழியையும் அடைத்து, குறுக்கு வழியைத் திறப்பது. இதை மறந்தால், பின்னால் ஊற்றப்போகும் திரவம் குழாய்களுக்குப் போகாமல் முதலில் இந்த 6 கேலன் வயிற்றை நிரப்பும். கடையில் வாங்கி வந்த ஜாடிகள் தீர்ந்தும் டாப்பில் ஒன்றும் வரவில்லையே என்று திகைத்து நிற்பவரின் வண்டியில் பார்க்க வேண்டிய இடம் இது.

நான்கு மரபுகள்

வைணவத்தில் வடகலை, தென்கலை என இரண்டு வைத்துக்கொண்டே எத்தனையோ நூற்றாண்டு வழக்காடிவிட்டோம். ஆர்.வி.காரர்கள் மத்தியில் மரபுகள் நான்கு: ஊதல், ஊற்றல், ஊன்றல், ஓடல்.

ஊதல் மரபினர் கம்ப்ரசர் பிடிப்பவர்கள். வெளித் தண்ணீர் இணைக்கும் வாயில் ஒரு அடாப்டரைச் செருகி, காற்றை 30 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள் வைத்து, ஒவ்வொரு டாப்பாகத் திறந்து ஊதுவர். உள்ளே வீட்டம்மா டாப்பைத் திறக்க, வெளியே வீட்டுக்காரர் "வருதா?" என்று கத்த, "புஸ்ஸுன்னு வருதுங்க" என்று பதில் வரும்வரை இது நடக்கும். குழாயில் ரசாயனம் எதுவும் போகவில்லை என்பதும், வசந்தத்தில் கழுவும் வேலை குறைவு என்பதும் இவர்கள் பெருமை. ஆனால் காற்று தண்ணீரைத் தள்ளுவது அதற்கு வழி கிடைக்கும் வரைதான். தண்ணீரின் தலைக்கு மேல் காற்று போகத் தொடங்கிவிட்டால், குழாயின் தொய்வுகளில் கொஞ்சம் அப்படியே படுத்துக்கிடக்கும். அவசரக்காரர் அழுத்தத்தை ஏற்றினால், பனி ஜனவரியில் செய்ய இருந்ததை அவரே அக்டோபரில் செய்து முடிக்கிறார்.

ஊற்றல் மரபினர் இளஞ்சிவப்புத் திரவத்தை நம்புபவர்கள். பம்பின் உறிஞ்சு குழாயை ஜாடியில் போட்டு, பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு டாப்பிலும் சுடுநீர்ப் பக்கம் ஒருமுறை, குளிர்நீர்ப் பக்கம் ஒருமுறை, சிவப்பு தெரியும்வரை திறப்பர். ஷவர், டாய்லெட் எதையும் விடுவதில்லை. ஹீட்டரை விலக்கிவிட்டால் பொதுவாக 2 அல்லது 3 கேலன் போதும். இதில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால். உணவுப் பண்டங்களிலும் சேர்க்க அனுமதி பெற்றது. எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. எத்தனால் கலந்த மலிவு வகையும் சிவப்பாகவே விற்கிறது. அது ரப்பர் வளையங்களை உலர்த்திவிடும் என்று ஆசாரமுள்ள ஊற்றலார் அதைத் தொடுவதில்லை.

ஜாடியின் மேல் -50 என்று எழுதியிருக்கும். ஃபாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் ஏறத்தாழ -46. இதன் பொருள் பற்றிப் பெரும் மயக்கம் நிலவுகிறது. அந்தக் குளிர்வரை திரவம் உறையாது என்று பொதுமக்கள் பொருள் கொள்வர். அது பொருந்தாது. திரவம் அதற்கு வெகு முன்பே கூழாகத் தொடங்கிவிடும். கூழ் நகர்ந்து கொடுக்கும், கட்டியைப் போல முட்டாது. ஆகவே குழாய் வெடிக்காது என்பதுதான் அந்த எண்ணின் வாக்குறுதி. டிசம்பரில் சிங்கின் அடியில் சிவப்புக் கூழைக் கண்டு வாங்கின கடையில் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் குழாயில் பழைய தண்ணீர் நிறைய மிஞ்சியிருந்து, திரவம் அதோடு கலந்து நீர்த்துப்போனால், வாக்குறுதியும் அந்த அளவுக்கு நீர்த்துப்போகும்.

இரு மரபினரும் மேடையில் எவ்வளவு வாதிட்டாலும், ஊதல்காரரும் முடிவில் சிங்குக்குக் கீழே வளைந்து தண்ணீர் தேங்கும் பி-டிராப்பில் ஒரு கப் சிவப்பை ஊற்றுகிறார். அந்த வளைவில் எப்போதும் ஏதேனும் திரவம் நின்றால்தான் டேங்க்கின் நாற்றம் மேலே ஏறாது. அதை ஊதிக் காலி செய்வதில் பயனில்லை. இவ்விடத்தில் சமயப் பொறை நிலவுகிறது.

ஊன்றல் மரபினர் தீவிரவாதிகள். பனிக்காலம் முழுவதும் வண்டியிலேயே வசிப்பவர்கள். வண்டியைச் சுற்றித் தரைவரை பாவாடை கட்டுவர். டேங்க்குக்கு அடியில் சூடாக்கும் பட்டை, தண்ணீர் ஹோஸுக்கு மின்கம்பி, சிங்க் அலமாரிக்குக் கதவு திறந்த நிலை. இவர்கள் வாழ்க்கையில் இரண்டு முரண்கள் ஆய்வுக்குரியன. ஒன்று: கேஸ் செலவைக் குறைக்க உள்ளே மின்சார ஹீட்டர் ஒன்றை வைத்தால் அறை கதகதப்பாகிறது, அதைக் கண்டு திருப்தியடைந்த தெர்மோஸ்டாட், கேஸ் ஃபர்னஸை ஓடவிடுவதில்லை. பல வண்டிகளில் அடிவயிற்று டேங்க்குகளுக்குச் சூடு போவது அந்த ஃபர்னஸின் குழல் வழியாகத்தான். மேலே மனிதர் சட்டையோடு உட்கார்ந்திருக்க, கீழே குழாய் உறைகிறது. இரண்டு: குழாய் உறையாமல் இருக்க டாப்பைச் சொட்டவிட்டால், அந்தச் சொட்டு எங்கேயாவது போக வேண்டும். வடிகால் வால்வைத் திறந்து வைத்தால் சொட்டுகள் வெளி ஹோஸில் ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து அணை கட்டும். மூடி வைத்தால் டேங்க் நிறையும். அதனால்தான் அனுபவசாலிகள் வால்வை மூடியே வைத்து, நிறைந்ததும் ஒரே வீச்சில் திறந்துவிடுகிறார்கள். கழிப்பறை டேங்க்கின் வால்வை இரவெல்லாம் திறந்துவைத்தால் ஹோஸில் என்ன உறையும் என்பதை ஆய்வு அறம் கருதி இங்கே விவரிக்கவில்லை.

ஓடல் மரபினர் பிரச்சினையைக் குழாயில் தீர்க்காமல் வரைபடத்தில் தீர்ப்பவர்கள். பனி வருமுன் தெற்கே போய்விடுவர். பனிப்பறவைகள் என்று இவர்களுக்குப் பெயர். ஃபுளோரிடா ஒரு சாரார். டெக்ஸாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களை அவ்வூரார் 'விண்டர் டெக்ஸன்' என்றே அழைக்கிறார்கள். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் மத்திய அரசின் நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலம் தங்க 180 டாலர் கட்டணம் என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. சிவப்புத் திரவத்தின் விலையோடு ஒப்பிட்டால் மலிவா என்பது டீசல் செலவைக் கணக்கில் சேர்ப்பதைப் பொறுத்தது.

ஓடல் மரபு குறையற்றதாகத் தோன்றும். ஆனால் பேரப்பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டுக் கிளம்புகிறவர், பனியிலிருந்தே புறப்பட வேண்டியிருக்கிறது. குழாயில் சிவப்போடு, குடிக்கப் பாட்டில் தண்ணீரோடு, பாதி தேசம் தாண்டி வெயில் வந்த பிறகுதான் டாப்பைத் திறக்கிறார். மேலும் 2021 பிப்ரவரியில் குளிரே தெற்கே போனது. டெக்ஸாஸ் முழுவதும் உறைந்தது. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கியது. மாநிலமெங்கும் வீட்டுக் குழாய்கள் வெடித்தன. ஓடி வந்தவனை விரட்டி வந்து பிடித்த இந்நிகழ்வுக்குப் பின், ஓடல் மரபினரும் ஒரு ஜாடி சிவப்பை அலமாரியில் வைத்துக்கொள்வது தகும்.

மறதியின் இடங்கள்

இப்போது கருதுகோளைச் சோதிப்போம். சமையலறை டாப்பை மறப்பவர் இல்லை; தினமும் கை படுகிறது. மறக்கப்படுவன பட்டியலிடத்தக்கவை.

முதலிடம் வெளி ஷவருக்கு. வண்டியின் வெளிச்சுவரில் பூட்டிய சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. சுடுநீர், குளிர்நீர் என்று அதற்கும் இரண்டு கைப்பிடி. கோடை முழுக்க அந்தக் கதவைத் திறக்காதவருக்கு அக்டோபரில் மட்டும் ஞாபகம் வருவானேன்?

அடுத்து டாய்லெட் அருகில் இருக்கும் கைத்தெளிப்பான். பிறகு ஃப்ரிட்ஜின் ஐஸ் இயந்திரத்துக்குப் போகும் மெல்லிய குழல். தண்ணீர் ஃபில்டரின் கூடு. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும், கழற்றி எறிய வேண்டும். பம்பின் முன்னால் இருக்கும் சிறு வடிகட்டி. துணி துவைக்கும் மெஷின் உள்ள வண்டிகளில் அதன் வால்வுகள். கழிப்பறை டேங்க்கை உள்ளேயிருந்து பீச்சிக் கழுவ வெளியே தனியாக ஒரு இணைப்பு பல வண்டிகளில் உண்டு. அதன் குழாய் குளியலறைச் சுவருக்குப் பின்னால் மேலே ஏறி ஒரு வால்வைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்குகிறது. பம்போடு இதற்கு உறவில்லை என்பதால் ஊற்றலார் ஊற்றும் சிவப்பு இங்கே எட்டாது. இந்த ஒரு இடத்தில் ஊற்றல்காரர் ஊதியாக வேண்டும். முன்சொன்ன சமயப் பொறைக்கு இது மறுமொழி எனலாம்.

கடைசியாக, வெளித் தண்ணீரை இணைக்கும் வாய். அதில் சல்லடை வில்லை ஒன்றும், அதற்குப் பின்னால் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வும் இருக்கும். சல்லடையை எடுத்துவிட்டு, வால்வின் நடுவை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல அழுத்தினால் தேங்கிய தண்ணீர் வெளியேறிச் சிவப்பு எட்டிப்பார்க்கும். பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டுச் செய்தால் எட்டிப்பார்க்கும். இறக்காமல் செய்தால் முகத்துக்கு நேரே வரும். நவம்பரில் ஒருவர் சட்டையில் இளஞ்சிவப்புத் தெறிப்புகள் இருந்தால் அவர் பட்டியலின் கடைசி வரிவரை வந்தவர் என்று அறிக. மரியாதையாக நடத்த வேண்டும்.

வாய்மொழி வழக்காறுகளிலும் கருதுகோளுக்கு ஆதரவு கிடைக்கிறது. பருவத்தின் முதல் கடுங்குளிர் இரவில், போர்வைக்குள்ளிருந்து கேட்கப்படும் வினா எந்த மொழிக் குடும்பத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான்: "எல்லாம் பண்ணிட்டீங்கல்ல... வெளி ஷவர்?" இதற்கு உடனே "பண்ணிட்டேன்" என்பவர் தூங்குகிறார். ஒரு வினாடி தாமதித்துச் சொல்பவர் டார்ச்சைத் தேடுகிறார்.

வாய்மொழித் தேர்வு

இத்துறையின் தனித்தன்மை, செய்தது சரியா என்பது செய்த அன்று தெரியாது என்பது. அக்டோபரில் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்கு ஏப்ரலில்தான் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் பம்ப்.

டேங்க்கில் தண்ணீரை நிரப்பி, டாப் எல்லாம் மூடி, பம்பை ஓடவிட வேண்டும். அழுத்தம் ஏறியதும் அது தானாக நிற்க வேண்டும். நின்று, அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தால் தேர்ச்சி. யாரும் டாப்பைத் திறக்காதபோதே இடையிடையே 'டுர்ர்' என்று இரண்டு வினாடி ஓடி நின்றால், எங்கோ தண்ணீர் கசிகிறது. தேர்வாளர் கேள்வி கேட்கிறார். பதிலைத் தரைப்பலகைக்கு அடியில் தேட வேண்டும். பம்பே பிளந்திருந்தால் தேர்வாளர் வரவில்லை, தேர்வு ஒத்திவைப்பு.

தேறியவர் சிவப்பு மறைந்து நுரை அடங்கும்வரை எல்லா டாப்பையும் திறந்து கழுவுவார். 15 கேலனுக்குக் கால் கப் என்ற கணக்கில் வாசனையில்லாத பிளீச்சைக் கலந்து, குழாய்களில் சில மணி நேரம் நிறுத்தி, மறுபடி நல்ல தண்ணீரால் அலசுவார். பைபாஸ் வால்வைப் பழையபடி திருப்புவார். ஹீட்டர் நிறைந்துவிட்டது என்று டாப்பில் தண்ணீர் சீராக வருவதைக் கண்ட பிறகே மின்சாரம் கொடுப்பார். காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் சூடாக்கும் கம்பி கருகிவிடும். பனியில் ஒன்றும் ஆகாமல் தப்பிய ஹீட்டரை வசந்தத்தில் கருக்குவதும் மறதியின் ஆட்சிக்கு உட்பட்டதே என்பதால், நமது கருதுகோள் பனிக்காலத்தைத் தாண்டியும் செல்லுபடியாகிறது.

முடிவுகளும் மேலாய்வுக்கான களங்களும்

இவ்வாய்வால் பெறப்பட்டவை: பனி எஞ்சிய நீரையே தேடுகிறது; எஞ்சிய நீர் மறந்த இடத்திலேயே இருக்கிறது; எனவே கம்ப்ரசர், சிவப்பு ஜாடி, மின்பட்டை, டீசல் ஆகிய நான்கைக் காட்டிலும் வலிய கருவி, அலமாரிக் கதவின் உட்புறம் செல்லோடேப்பால் ஒட்டிய ஒரு காகிதப் பட்டியல். அதைச் சொந்தக் கையால், சொந்த வண்டிக்கென்று எழுத வேண்டும். வாங்கின ஆண்டில் எழுதாதவர் முதல் வெடிப்புக்குப் பிறகு எழுதுகிறார். இரண்டாம் வகையினரின் பட்டியல்களில் வெளி ஷவர் முதல் வரியில், பெரிய எழுத்தில், அடிக்கோடிட்டு இருக்கும்.

மேலாய்வுக்கு உரியவை மூன்று. வடிகால் மூடிகளைச் சேறு சேரும் இடத்திலேயே வைக்கும் வடிவமைப்பு மரபின் தோற்றமும் வளர்ச்சியும். 'வருதா?' – 'வரலீங்க' உரையாடலின் ஒலியனியல், குறிப்பாகக் கம்ப்ரசர் இரைச்சலில் இவ்விரு விடைகளும் ஒன்றாகக் கேட்பதன் விளைவுகள். மூன்றாவதாக, வெளி ஷவர் வைத்த வண்டியின் உரிமையாளர்களில் அதில் உண்மையிலேயே குளித்தவர் எத்தனை பேர் என்பது முனைவர் பட்ட அளவில் விரித்து ஆராயத்தக்க பொருள். நிதியுதவி கிடைத்தால் இக்கட்டுரையாளர் மேற்கொள்ளத் தயார். களப்பணி ஜூலையில்.